ஒரு துணிப்பை, ஒரு போர்வை... 3,300 கி.மீ தனியாக நடந்த 67 வயது பாட்டி: யார் இந்த எம்மா கேட்வுட்?

1955, மே மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட், கொஞ்சம் நடக்கப் போவதாக மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எங்கே, எவ்வளவு தூரம் என்றெல்லாம் மூச்சு விடவில்லை. அப்போது அவருக்கு வயது 67. 11 பிள்ளைகள், 23 பேரப்பிள்ளைகள்.

அவர் சொன்ன அந்த 'கொஞ்சம்' எவ்வளவு தெரியுமா? 146 நாள், 14 மாநிலம், சுமார் 3,300 கிலோமீட்டர்!

அமெரிக்காவின் கிழக்குப் பக்க மலைத்தொடர் மீதே தெற்கிலிருந்து வடக்கு வரை நீளும் காட்டுப் பாதைதான் அப்பலாச்சியன் டிரெயில். அதை ஒரே சீசனில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் இவர்தான்.

பையில் என்ன இருந்தது?

டென்ட் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. டெனிம் துணியில் தானே தைத்த ஒரு பை. அதை ஒரு தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே ஒரு போர்வை, மழைக்குப் போர்த்திக்கொள்ள பாத்ரூம் ஷவர் திரை, சாப்பிட உலர் திராட்சை, நட்ஸ், டின்னில் அடைத்த சாசேஜ். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. முடிப்பதற்குள் ஆறேழு ஜோடி தேய்ந்து போச்சு. குளிர் தாங்காத இரவுகளில் கல்லை நெருப்பில் சுட்டு, அதன்மேல் படுத்துக்கொள்வார். வழியில் யார் வீட்டுத் திண்ணையாவது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

காட்டுக்குள் முதலில் ஓடியது ஏன்?

எம்மாவுக்கு 19 வயதில் கல்யாணம். கணவர் பி.சி.கேட்வுட் அடித்த அடியில் பல் உடைந்திருக்கிறது, விலா எலும்பு முறிந்திருக்கிறது. 30 வருஷத்துக்கு மேல் இதுதான் வாழ்க்கை. அடி தாங்க முடியாதபோதெல்லாம் பக்கத்துக் காட்டுக்குள் போய்விடுவாராம். அவருக்குக் காடு பழகியது அப்படித்தான். 1940-களின் தொடக்கத்தில் விவாகரத்து கிடைத்தது. அதன் பிறகும் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் வேலை இருந்தது.

பிறகு ஒருநாள் நேஷனல் ஜியாகிரபிக் பழைய இதழ் ஒன்று கைக்கு வந்தது. அதில் இந்தப் பாதையைப் பற்றிய கட்டுரை. எந்தப் பெண்ணும் தனியாக இதை முடித்ததில்லை என்று தெரிந்ததும், ஏன் நாம போகக் கூடாது என்று தோன்றிவிட்டது.

1954-ல் முதல் முயற்சி, படுதோல்வி. வடக்கு முனையான மெய்ன் மாநிலத்தில் தொடங்கியவர் வழி தவறினார், மூக்குக்கண்ணாடியும் உடைந்தது. வனத்துறையினர் மீட்டு, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். இதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் தெற்கே ஜார்ஜியாவிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பத்திரிகையில் படித்த மாதிரி பாதை இல்லை. விழுந்த மரங்கள், புதர் மண்டிய தடம், எரிந்து போன தங்குமிடங்கள். போதாக்குறைக்கு ஆகஸ்டில் கோனி, டயான் என்று அடுத்தடுத்து இரண்டு புயல். வெர்மான்டில் வெள்ளம் ஓடிய ஆற்றைத் தாண்ட முடியாமல் நின்றவரை, இளம் கடற்படை வீரர்கள் இருவர் கயிறு கட்டி நடுவில் நிறுத்தி அக்கரை சேர்த்தார்கள். செப்டம்பர் 25 அன்று மெய்னில் உள்ள கட்டாடின் மலை உச்சியைத் தொட்டார்.

இடையிலேயே பத்திரிகைகள் மோப்பம் பிடித்துவிட்டன. போகிற இடமெல்லாம் நிருபர்கள். பாதை இருந்த லட்சணத்தை எம்மா பூசி மெழுகாமல் சொன்னார். அதன் பிறகுதான் பராமரிப்பு மீது பலரின் கவனம் திரும்பியது.

அத்தோடு நின்றாரா? 1957-ல் அதே பாதையை மறுபடி முழுசாக நடந்தார். 1959-ல், 71 வயதில், பழைய குடியேறிகளின் ஒரிகன் தடத்தைப் பிடித்து மிசூரி மாநிலத்திலிருந்து போர்ட்லேண்ட் வரை சுமார் 3,200 கி.மீ தூரத்தை 95 நாளில் முடித்தார். இந்தமுறை பெரும்பாலும் வாகனங்கள் பறக்கும் ரோட்டோரம், அதுவும் கோடை வெயிலில். 1964-ல் அப்பலாச்சியன் பாதையைப் பகுதி பகுதியாக மூன்றாவது முறையும் நடந்து முடித்தார். 1973-ல், 85 வயதில் காலமானார்.

நிருபர்களுக்கு அவர் ஒரு சிரிப்புப் பாட்டி. நடந்து பார்க்க ஆசை என்று ஏதோ ஒரு காரணம் சொல்லிச் சமாளித்துவிடுவார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், தான் ஒரு விதவை என்பார். ஆனால் முன்னாள் கணவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். அவர் இறந்தது 1968-ல். அந்த அடி உதைக் கதை பரவலாக வெளியே தெரிந்தது, பென் மான்ட்கோமரி 2014-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றுப் புத்தகத்தில்தான்.