மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி தந்த மேக்ஸ் டைலர்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை உங்களுக்குத் தெரியும். பகலில் கடிக்கும், காலில் வெள்ளை வரிகள் உள்ள கொசு. இதே கொசு ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் என்ற கொடிய நோயையும் பரப்புகிறது. நோய் முற்றினால் கல்லீரல் பழுதாகி, கண்ணும் தோலும் மஞ்சளாகிவிடும். (நாம் சொல்லும் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு.) இதற்குத் தடுப்பூசி கண்டவர் மேக்ஸ் டைலர்.

இவர் 1899-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற கால்நடை விஞ்ஞானி. லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு, 1922-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்.

அக்காலத்தில் இந்த நோயை ஆராய்வது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆப்பிரிக்காவில் அதை ஆராய்ந்த அட்ரியன் ஸ்டோக்ஸ் 1927-இலும், ஜப்பானிய விஞ்ஞானி நோகுச்சி 1928-இலும் அதே நோய் தொற்றி இறந்தார்கள். 1929-இல் டைலருக்கும் ஆய்வுக்கூடத்திலேயே தொற்றியது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அவர் உடலில் எதிர்ப்புச் சக்தியும் வந்துவிட்டது.

ஆனால், எல்லோரும் நோயில் விழுந்து எழுந்தா அந்தச் சக்தியைப் பெற முடியும்? வைரஸின் வீரியத்தைக் குறைத்து உடலில் செலுத்தினால், நோய் வராமலே எதிர்ப்புச் சக்தி வரும். அப்படி ஒரு வைரஸைத்தான் டைலர் தேடினார்.

முதலில், விலை அதிகமான குரங்குகளுக்குப் பதில் சுண்டெலிகளிலும் இந்த வைரஸைச் சோதிக்கலாம் என்று காட்டினார். 1930-இல் நியூயார்க்கில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக்கூடத்துக்கு மாறினார். அங்கேதான் பெரிய வேலை நடந்தது. கோழிக்கருவை எடுத்து, மூளையையும் தண்டுவடத்தையும் நீக்கி, மீதித் திசுவில் வைரஸை வளர்த்தார்கள். சில நாளில் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய திசுவில் விட்டார்கள். பிறகு அதிலிருந்து அடுத்ததற்கு. இப்படி ஒரு முறை, இரு முறை அல்ல, நூறு முறைக்கும் மேல்! 89-ஆவது முறைக்கும் 114-ஆவது முறைக்கும் இடையில் எங்கோ வைரஸின் குணம் மாறியிருந்தது. அதைக் குரங்குகளின் மூளையிலேயே செலுத்தினாலும் அவை சாகவில்லை. அதற்கு 17டி என்று பெயர்.

1937-இல் பிரேசிலில் மக்களுக்கு இந்த ஊசி போடத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் போட்டுக்கொண்டார்கள். 1951-இல் டைலருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1972-இல் அவர் காலமானார்.

இன்றும், நம் நாட்டிலிருந்து அந்நோய் உள்ள நாடுகளுக்குச் செல்பவர்கள் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற இடங்களில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். அதிலுள்ள 17டி வைரஸின் மூதாதை எங்கிருந்து வந்தது தெரியுமா? இப்போது கானா எனப்படும் நாட்டில் 1927-இல் காய்ச்சலில் கிடந்து பிழைத்த அசிபி என்ற இளைஞரின் ரத்தத்திலிருந்து!