மண்டைக்குள் மின்சாரம் தேடிய ஹான்ஸ் பெர்கர்

லேப்பில் ஆஸிலோஸ்கோப் திரையில் ஒழுங்கா ஒரு சைன் வேவ் வரவழைக்க நாம படுற பாடு நமக்குத்தான் தெரியும். லீடு கொஞ்சம் லூசாக இருந்தால் போதும், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு நெளியும் கோட்டோடு ஐந்து வருஷம் மல்லுக்கட்டிய மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரிய வந்ததே என் மாமாவால்தான். மாமாவுக்கு மனச்சிதைவு நோய். குளோசபின் மாத்திரை சாப்பிடுகிறார். போன வருஷம் ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். மெதுவான அலைகள் அதிகம் என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் அத்தை அழுதேவிட்டார். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் என்று காகிதத்தை என் கையில் கொடுத்தார்கள். எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் இந்தக் கருவியைக் கண்டவர் யார் என்று தேடினேன்.

பெர்கர் 1873-ல் ஜெர்மனியில் கோபுர்க் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். வானவியல் படிக்கத்தான் ஆசை. இடையில் ராணுவப் பயிற்சிக்குப் போனவர் குதிரையிலிருந்து விழுந்தார். எதிரே பீரங்கி வண்டி. மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே அப்பாவிடமிருந்து நலம் விசாரித்துத் தந்தி. தம்பிக்கோ அண்ணனுக்கோ ஏதோ ஆபத்து என்று மனசில் பட்டால் நம் வீடுகளில் புலம்புவோமே, அப்படி அவருடைய சகோதரி புலம்பியதால் அடித்த தந்தி! மனசுக்கு ஒரு சக்தி உண்டு, அது தூரம் தாண்டிப் போகும் என்று பெர்கர் நம்பிவிட்டார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த நம்பிக்கைதான் அவரை ஜெனா நகரத்தில் மருத்துவம் படிக்க வைத்தது.

மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார், வெப்பத்தை அளந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. 1924 ஜூலையில், அறுவை சிகிச்சையால் மண்டையோட்டில் இடைவெளி இருந்த 17 வயதுப் பையனிடம் கால்வனோமீட்டரில் ஒரு சின்ன அசைவு கிடைத்தது. நாடித் துடிப்போ, தசையோ, தோலோ என்று சந்தேகம். சொந்த மகன் கிளாஸின் தலையிலும் எலெக்ட்ரோடு வைத்துப் பார்த்தார். 1929-ல்தான் கட்டுரை வெளியிட்டார்.

அந்த மின்னழுத்தம் சுமார் 50 மைக்ரோவோல்ட், டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டில் 30,000-ல் ஒரு பங்கு! கண்மூடி அமைதியாக இருந்தால் வினாடிக்குப் பத்து போல வரும் ஆல்ஃபா அலை, கண் திறந்தால் அடங்கிவிடும். யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் செய்து காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

கோகெய்ன், குளோரோஃபார்ம் போன்றவை கொடுத்தால் அலை மாறுவதையும் பெர்கர் பதிவு செய்திருக்கிறார். மனநோய்க்கான குளோர்புரோமசின் வந்தது 1952-ல், அவர் இறந்தபின். இவ்வகை மருந்துகள் பலவற்றில் ஆல்ஃபா சற்று மெதுவாகும், தீட்டா, டெல்டா அலைகள் கூடும். குளோசபினில் இது ரொம்ப அதிகம். டோஸ் கூடக் கூட வலிப்பு வரும் வாய்ப்பும் கூடும். ஆனால் அலை மாறிய எல்லோருக்கும் வலிப்பு வருவதில்லை.

அவர் கதையின் கடைசிப் பகுதியை எழுதக் கை வரவில்லை. 1938-ல் ஓய்வு பெற்றார். 1941 ஜூன் 1-ந் தேதி ஜெனாவில் தூக்குப்போட்டுக்கொண்டார். நாஜிகளால் நொந்துபோனவர் என்றே ரொம்ப நாள் எழுதிவந்தார்கள். ஆனால் கட்டாயக் கருத்தடைக்குத் தீர்ப்பு சொன்ன மரபு ஆரோக்கிய நீதிமன்றத்தில் அவரும் உட்கார்ந்தவர் என்று பின்னால் ஆவணங்களைப் பார்த்தவர்கள் காட்டிவிட்டார்கள். 1933-ல் வந்த அந்தச் சட்டத்தின் பட்டியலில் மனச்சிதைவும் உண்டு. என் மாமா அங்கே பிறந்திருந்தால் அவர் காகிதமும் அந்த மேஜைக்குப் போயிருக்கும். மாமாவுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை. திடீரென்று நிறுத்தினால்தான் ஆபத்து என்றார். டோஸைக் கொஞ்சம் குறைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னார். அன்றைக்கு நானும் கூடப் போனேன். கண்ணை மூடச் சொன்னதும் பேனாக்கள் ஒரே சீராக நெளிய ஆரம்பித்தன. திறக்கச் சொன்னதும் அடங்கின. மாமா என்னைப் பார்த்து, நல்லா வருதாடா என்று கேட்டார். வருது மாமா என்றேன்.