நாவலர் துறந்த உத்தியோகம்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புத்திரராய்த் தோன்றிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களின் சரித்திரத்தை அறியாத சைவாசிரியர் இலர். ஆயினும், அவர் செய்தவற்றை விரித்துப் பேசுவோர் பலரும் அவர் விட்டதனை ஒரு வாக்கியத்திலே கூறிக் கடந்துவிடுகின்றனர். அவர் விட்டது ஓர் உத்தியோகம். அதனை ஈண்டுச் சிறிது நின்று நோக்குவாம்.

வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்ற அவர், பேர்சிவல் பாதிரியாரின் நன்மதிப்பைப் பெற்று, இளவயதிலேயே அங்கு ஆசிரியராயினார். பாதிரியார் விவிலிய நூலைத் தமிழிலே பெயர்த்தபோது அவருக்கு உற்றதுணையாயிருந்தவரும் இவரே. அக்காலத்திலே ஆங்கிலமறிந்த வாலிபனுக்கு அதனின் மேலான வாழ்வு யாது? மாதந்தோறுஞ் சம்பளம், துரைமாரிடத்து மதிப்பு, வேண்டின் அரசாங்க உத்தியோகத்துக்கு வழி.

1847ஆம் ஆண்டின் இறுதிநாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன்பின்னும் சில மாதம் மிஷன் பாடசாலையிலே கற்பித்து வந்தார். ஓரிடத்திலே சம்பளம் பெற்று, மற்றோரிடத்திலே அதற்கு மாறானதைப் போதித்தல் தகாதென்பது அவர் மனத்தை வருத்தியிருத்தல் வேண்டுமென்றே யாம் எண்ணுகின்றோம். 1848ஆம் ஆண்டிலே அவ்வுத்தியோகத்தை விட்டு நீங்கினார். அப்பொழுது அவருக்கு வயசு 25. அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. பிள்ளைகளிடத்துச் சம்பளம் வாங்கப்படவில்லை. தமக்கென ஒரு குடும்பத்தையும் அவர் அமைத்துக்கொள்ளவில்லை.

பாடசாலை உண்டாயிற்று, பாடபுத்தகம் இல்லை. ஏட்டுச்சுவடியைக் கொண்டு நூறு பிள்ளைகளுக்கு எங்ஙனம் படிப்பிப்பது? 1849ஆம் ஆண்டிலே, அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சதாசிவப்பிள்ளையுடன் தமிழ்நாடு சென்றார். அப்பிரயாணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை ஈந்தனர். பின்பு வண்ணார்பண்ணையிலே நிறுவிய அச்சுக்கூடத்திலிருந்து பாலபாடங்களும் சைவ நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன.

செய்யுளியற்றும் ஆற்றலுடையவர், சிறுவருக்கு வேண்டிய எளிய வசனத்துக்கே தம் உழைப்பைக் கொடுத்தார். பெரியபுராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டார். ஆங்கில நூல்களிலே கண்ட நிறுத்தக் குறியீடுகளைத் தமிழ் வசனத்தினுள்ளே கொணர்ந்தார். பிரசங்கஞ் செய்யும் முறை, வினாவிடையாகச் சமயம் போதித்தல், அச்சுப் புத்தகம் ஆகிய மூன்றும் பாதிரிமாரிடத்துக் கற்றவையே. இதனை மறைத்தலால் நாவலருக்குப் பெருமை கூடாது. யாமும் மிஷன் பாடசாலையிலே படித்தவராதலின், அக்கடனை நன்கறிவோம்.

குறையுஞ் சொல்லல் வேண்டும். சாதி வரம்பை அவர் கடந்தாரல்லர். அவர் திறந்த கல்வி எல்லார்க்குந் திறந்ததன்று. அப்பிள்ளைகள் பின்னும் நெடுங்காலம் பாடசாலை வாயிலிலே காத்து நின்றனர்.

சிதம்பரத்திலும் 1864ஆம் ஆண்டிலே ஒரு வித்தியாசாலை நிறுவினார். யாழ்ப்பாணத்திலே பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி தருமம் நடத்தி ஏழைகளை உண்பித்தார். 1879ஆம் ஆண்டு டிசெம்பரிலே சிவபதமடைந்தபொழுது, உத்தியோகத்தை விட்டு 31 வருஷங்கள் கழிந்திருந்தன.