நாடற்றவன் எறிந்த பந்து

விளையாட்டு வீரர்களின் வரலாறு பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் எழுதப்படுகிறது. இளமையில் வறுமை, இடைவிடாத பயிற்சி, முதல் வெற்றி, கோப்பை, மாலை என்று அது முடிந்துவிடும். நான் எழுத எடுத்துக்கொண்ட வரலாறு அந்த வாய்பாட்டுக்குள் அடங்காதது. ஜப்பானிய பேஸ்பால் ஆட்டத்தில் முதன்முதலாக முந்நூறு வெற்றிகளைத் தொட்ட பந்தெறிவாளர் ஒருவர், அந்த நாட்டின் குடிமகனாக ஒரு நாள்கூட இருந்ததில்லை. அவர் பெயர் விக்டர் ஸ்டார்ஃபின். விளையாட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது உண்மை. ஆனால் தொழில்முறை ஆட்டத்துக்குள் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஆசையன்று, அச்சம்.

கிரிக்கெட்டை அறிந்த நமக்கு பேஸ்பாலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். இதிலும் ஒருவர் பந்தை எறிகிறார், மற்றொருவர் மட்டையால் அடிக்கிறார். ஆனால் பந்து தரையில் பட்டு எழும்பி வருவதில்லை. பதினெட்டரை மீட்டர் தொலைவிலிருந்து நேராகக் காற்றில் வருகிறது. கிரிக்கெட்டில் ஆறு பந்துகளுக்கு ஒருமுறை பந்துவீச்சாளர் மாறுவார். பேஸ்பாலில் ஒருவரே ஆட்டம் முழுவதும் எறியலாம். ஆகவே அணி வென்றால் அந்த வெற்றி பந்தெறிவாளரின் பெயரிலும், தோற்றால் அந்தத் தோல்வியும் அவர் பெயரிலேயே எழுதப்படும். வேறெந்த ஆட்டக்காரருக்கும் இந்தச் சுமை இல்லை.

பனியூருக்கு வந்த சிறுவன்

1916-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியிலுள்ள நீஷ்னி தாகில் என்னும் ஊரில் விக்டர் பிறந்தான். தந்தை கான்ஸ்டன்டீன், ஜார் மன்னரின் படையில் அதிகாரி. மறு ஆண்டே புரட்சி வந்தது. உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றவர்களுக்கு அந்த மண்ணில் இடமில்லாமற் போயிற்று. குடும்பம் சைபீரியாவைக் கடந்து, மஞ்சூரியாவின் ஹார்பின் நகரை அடைந்து, அங்கிருந்து 1925-இல் ஜப்பானுக்கு வந்தது. புதிய சோவியத் அரசு வெளியேறிய இவர்களைக் குடிமக்களாகக் கொள்ளவில்லை. ஜப்பானும் குடியுரிமை தரவில்லை. எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லர் என்ற நிலையில் அவர்கள் குடியேறிய ஊர் ஹொக்கைடோ தீவிலுள்ள அசாஹிகாவா. ஜப்பானிலேயே பதிவான மிகக் கடுங்குளிர், பூச்சியத்துக்குக் கீழ் 41 பாகை, 1902-இல் பதிவானது இவ்வூரில்தான்.

பள்ளியில் சேர்ந்த வெள்ளைக்காரச் சிறுவனைப் பிற பிள்ளைகள் முதலில் வேடிக்கைப் பொருளாகத்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் அவன் கையில் பந்து வந்ததும் நிலைமை மாறியது. வயதுக்கு மீறிய உயரம், நீண்ட கை, அந்த உயரத்திலிருந்து இறங்கி வரும் வேகம் ஆகியவற்றை எதிர்கொள்ள அந்த வட்டாரத்துப் பிள்ளைகளால் இயலவில்லை. அசாஹிகாவா நடுநிலைப் பள்ளியின் அணிக்கு அவனே தூண் ஆனான்.

அந்நாளைய ஜப்பானில் பேஸ்பால் என்றால் அது மாணவர்களின் ஆட்டம். 1915 முதல் நடந்துவந்த நாடளாவிய பள்ளிப் போட்டி, 1924 முதல் கோஷியன் மைதானத்தில் நடைபெற்றது. அங்கே விளையாடுவது ஒவ்வொரு பள்ளி மாணவனின் கனவு. அதன் பிறகு பல்கலைக்கழகம், பிறகு ஏதேனும் நல்ல வேலை. இதுவே கௌரவமான வழி. பணத்துக்காக ஆடுவதைப் பெரியவர்கள் இழிவாகவே கருதினர். விக்டரின் கனவும் கோஷியன்தான். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஹொக்கைடோ இறுதியாட்டம் வரை அவனுடைய பள்ளி வந்தது. இரண்டு முறையும் தோற்றது.

இதற்கிடையில் வீட்டில் இடி விழுந்தது. பாலும் தேநீரும் விற்கும் சிறு கடையொன்றைத் தந்தை நடத்திவந்தார். அக்கடையில் பணிசெய்த ரஷ்ய இளம்பெண் ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கில் தந்தையே குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறை சென்றார். தாயும் மகனும் தனித்து நின்றனர். குடியுரிமை இல்லாத குடும்பத்தின் தலைவர் கொலைக் குற்றவாளி என்றால் அக்குடும்பம் அந்நாட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? திருப்பி அனுப்பப்பட்டால் போய்ச் சேர வேண்டிய இடம், அவர்கள் எதற்கு அஞ்சி ஓடி வந்தார்களோ அதே இடம்.

பள்ளியிலிருந்து பறிக்கப்பட்டவன்

1934-இல் பேப் ரூத், லூ கெரிக் முதலிய பெரும் ஆட்டக்காரர்கள் அடங்கிய அமெரிக்க அணி ஜப்பானுக்கு வந்தது. அதை வரவழைத்தவர் யோமியுரி செய்தித்தாளின் அதிபர் மட்சுதாரோ ஷோரிகி. அமெரிக்கரை எதிர்த்து ஆட அவருக்கு ஓர் அணி தேவை. ஆனால் 1932-இல் கல்வி அமைச்சகம் பிறப்பித்த விதிப்படி, மாணவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடக்கூடாது. ஆகவே திறமையுள்ள மாணவன் அந்த அணியில் சேர வேண்டுமானால் முதலில் அவன் மாணவனாக இல்லாமற் போக வேண்டும். கியோட்டோவில் படித்துவந்த பதினேழு வயது எய்ஜி சாவாமுரா அப்படித்தான் பள்ளியை விட்டு வந்தான்.

விக்டரோ பள்ளியை விட விரும்பவில்லை. அவனுடைய பள்ளியும் ஊரும் அவனை விட விரும்பவில்லை. ஷோரிகி செய்தித்தாள் அதிபராவதற்கு முன் டோக்கியோ காவல்துறையில் உயர் அதிகாரியாக இருந்தவர். அரசு அலுவலகங்களில் அவருக்கு இருந்த செல்வாக்கு சாதாரணமானதன்று. அணியில் சேராவிட்டால் குடும்பம் நாடு கடத்தப்படலாம் என்ற அச்சுறுத்தல் தாயையும் மகனையும் எட்டியது என்றே அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். தாயும் மகனும் ஊராரிடம் விடைபெறாமல் இரவோடிரவாக அசாஹிகாவாவை விட்டுப் புறப்பட்டனர். கோஷியன் கனவும் படிப்பும் அந்த இரவோடு முடிந்தன.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். சாவாமுராவும் ஸ்டார்ஃபினும் ஒரே ஆண்டில், ஒரே விதியின் காரணமாக, ஒரே மனிதரின் அணிக்காகப் படிப்பை விட்டார்கள். ஆனால் ஒருவனுக்கு மறுக்கும் உரிமை இருந்தது; மற்றவனுக்கு அது இல்லை. திறமை இருவருக்கும் பொது. கையில் உள்ள காகிதம் மட்டும் வேறு.

அந்தத் தொடரில் ஜப்பானிய அணி ஒரு வெற்றியும் பெறவில்லை. நவம்பர் 20-ஆம் நாள் ஷிசுவோகாவில் சாவாமுரா, ரூத், கெரிக் உள்ளிட்ட நால்வரை வரிசையாக வெளியேற்றி, ஒரே ஓட்டத்தில் தோற்றது இன்றும் பேசப்படுகிறது. ஸ்டார்ஃபின் அதே மாதம் 29-ஆம் நாள் ஓமியாவில் களமிறங்கினார். தொடர் முடிந்ததும், டிசம்பர் மாதத்தில் அந்த அணியே நிலையான தொழில்முறை அணியாக அமைக்கப்பட்டது. இன்று யோமியுரி ஜெயன்ட்ஸ் என்று உலகம் அறிவது அதைத்தான். 1936-இல் தொழில்முறைப் போட்டிகள் தொடங்கின.

நாற்பத்திரண்டு

தொடக்க ஆண்டுகளில் சாவாமுராவே முதல்வர். 1937-இல் போர் மூண்டது. குடிமகனான சாவாமுரா படைக்கு அழைக்கப்பட்டார். எறிகுண்டுகளை எறிந்து எறிந்து அவருடைய தோள் கெட்டது. நாடற்றவரான ஸ்டார்ஃபினைப் படைக்கு அழைக்க வழியில்லை. எனவே மைதானத்தின் நடுமேடு அவருக்கு வந்தது.

வந்த வாய்ப்பை அவர் வீணாக்கவில்லை. 1937-இல் எதிரணிக்கு ஓர் அடிகூட விட்டுக்கொடுக்காத ஆட்டம் ஒன்றை நிகழ்த்தினார். 1939-இல் அவர் செய்தது அதனினும் பெரிது. அவ்வாண்டு அணி ஆடியது 96 ஆட்டங்கள், வென்றது 66, அவற்றில் 42 வெற்றிகள் ஸ்டார்ஃபினுடையவை. மறு ஆண்டு 38. இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதும் அவருக்கே.

அந்த 42 என்ற எண்ணுக்கே ஒரு தனி வரலாறு உண்டு. போருக்குப் பின் பழைய ஏடுகளைப் பிற்கால விதிப்படி மறுபடி கணக்கிட்டவர்கள், அவற்றில் இரண்டு வெற்றிகள் வேறு பந்தெறிவாளர்களுக்கு உரியவை என்று கூறி 40 ஆக்கிவிட்டனர். 1961-இல் கசுஹிசா இனாவ் என்பவர் 42 வெற்றிகள் பெற்றபோதுதான் வினா எழுந்தது. அன்றைய கணக்காளர் அன்று எழுதியதே செல்லும் என்று முடிவாகி, ஸ்டார்ஃபினுக்கு அவருடைய இரண்டு வெற்றிகளும் திரும்பக் கிடைத்தன. ஆனால் அதைக் கேட்க அவர் அப்போது உயிரோடு இல்லை.

பெயரும் போயிற்று

போர் முற்ற முற்ற, அயல்மொழிச் சொற்கள் மைதானத்திலிருந்து விரட்டப்பட்டன. ஸ்டார்ஃபின் என்ற பெயரும் உறுத்தியது. 1940-இல் அவர் ஹிரோஷி சூடா ஆனார். அவ்வாண்டின் 38 வெற்றிகளைப் பெற்றவர் ஜப்பானியப் பெயர் பூண்ட அந்த நாடற்றவரே. பெயரை மாற்றிக்கொண்டும் ஐயம் தீரவில்லை. 1944-இல் அணியை விட்டு விலக நேர்ந்தது. கருயிசாவா என்னும் மலையூரில் பிற வெளிநாட்டாரோடு காவலில் வைக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், மூன்றாம் முறையாகப் படைக்கு அழைக்கப்பட்டுச் சென்ற சாவாமுரா, கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மாண்டார். அவருக்கு வயது 27. குடியுரிமை ஒருவரைக் கடலுக்கு அனுப்பியது. அஃது இல்லாமை மற்றவரைக் காவலில் அடைத்து உயிரைக் காத்தது. இதில் யார் நற்பேறு பெற்றவர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினருக்கு மொழிபெயர்ப்பாளராகச் சில காலம் பணிசெய்தார். 1946-இல், தம் முன்னாள் பயிற்சியாளர் சடயோஷி ஃபுஜிமோட்டோ நடத்திவந்த பசிஃபிக் அணியில் சேர்ந்து மீண்டும் பந்தெடுத்தார். முன்னைய வேகம் குறைந்திருந்தது. வேகம் குறைந்தால் குறி கூர்மையாக வேண்டும் என்பதை அவர் உணர்ந்துகொண்டார். 1949-இல் 27 வெற்றிகள் பெற்று மீண்டும் முதலிடம் பிடித்தார். அப்போது அவருக்கு வயது 33.

கடைசி ஆண்டுகளில் அவர் ஆடியது வலிமையற்ற அணிகளுக்காக. 1955-இல் அவர் இருந்த டோம்போ யூனியன்ஸ், பென்சில் நிறுவனம் ஒன்றின் பெயரைத் தாங்கிய அணி. எட்டு அணிகளில் அது கடைசியாக வந்தது. ஸ்டார்ஃபினுக்கும் அவ்வாண்டு வெற்றியை விடத் தோல்வியே அதிகம். ஆயினும் அந்த அணியில் இருந்துகொண்டுதான் ஜப்பானில் எவரும் அதுவரை தொடாத 300-ஆம் வெற்றியைத் தொட்டார். பெரிய அணிகளின் துணையோடு தொடங்கிய எண்ணிக்கையை, கடைசி அணியின் பந்தெறிவாளராக நின்று முடித்தார் என்பதே அவர் பெருமைகளில் நான் மிக மதிப்பது. 303 வெற்றி, 176 தோல்வி என்ற கணக்கோடு அவ்வாண்டே விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார். எதிரணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் அவர் முழுமையாக முடித்த ஆட்டங்கள் 83. அவருக்குப் பின் ஐவர் 300 வெற்றிகளைக் கடந்தனர். மசாய்ச்சி கனேடா 400 வரை சென்றார். ஆனால் அந்த 83-ஐ எவரும் மிஞ்சவில்லை.

ஓய்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1957-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள், டோக்கியோவில் அவர் ஓட்டிச் சென்ற கார் ஒரு டிராம் வண்டியோடு மோதியது. அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 40. மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானிய பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. எந்த ஊரைவிட்டு இரவில் சொல்லாமல் போக நேர்ந்ததோ அந்த அசாஹிகாவா, தன் மைதானத்துக்கே ஸ்டார்ஃபின் மைதானம் என்று பெயர் சூட்டிச் சிலையும் வைத்தது.

மாணவ நண்பர்களே, திறமை இருந்தால் உலகம் நம்மை ஏற்றுக்கொள்ளும் என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். இவர் வாழ்வைப் படித்த பிறகு அந்தச் சொல்லை அப்படியே ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. உலகம் அவருடைய கையை ஏற்றுக்கொண்டது, அவரை ஏற்கவில்லை. மைதானத்தில் அவருக்குக் கைதட்டிய நாடு, அலுவலகத்தில் அவர் விண்ணப்பத்துக்குக் கையெழுத்திடவில்லை. சாகும்வரை அவர் எந்த நாட்டின் குடிமகனும் அல்லர்.

அகதி முகாம்களிலும் எல்லையோரங்களிலும் இன்றும் எத்தனையோ சிறுவர்கள், தாம் எந்த நாட்டுக்கு உரியவர் என்று சொல்ல ஒரு காகிதமின்றி வளர்கிறார்கள். அவர்களில் எல்லோருக்கும் ஸ்டார்ஃபினின் கை இருக்காது. இருக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமன்று. முந்நூறு ஆட்டங்களை வென்று காட்டிய பிறகுதான் ஒருவனுக்கு ஓரிடம் என்றால், முந்நூறு வெல்லாதவன் எங்கே போவான்? இந்தக் கேள்வியை வரலாறு படிக்கும் நாமாவது கேட்டுவைப்போம்.