படம் காட்டி மொழி கற்பித்தவர்

16 வயது வாலிபன் ஒருவன், தன்னைவிடச் சிறிய பையன்களுடன் லத்தீன் பள்ளியில் போய் உட்கார்ந்தான். அது 1608-ம் ஆண்டு. அவன் பெயர் ஜான் அமோஸ் கொமேனியஸ். பிறந்தது, இன்று செக் நாட்டில் உள்ள மொரேவியாவில். சிறு வயதிலேயே தாய், தந்தையை இழந்தவன். அதனால்தான் படிப்புக்குத் தாமதம்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் படித்தவர்களின் மொழி லத்தீன். அதைக் கற்பித்த விதமோ வேடிக்கையானது. லத்தீனே தெரியாத பிள்ளையிடம், லத்தீனில் எழுதிய இலக்கணத்தைக் கொடுப்பார்கள்! பொருள் விளங்காது. ஆனாலும் உருப்போட வேண்டும். தவறினால் பிரம்படி.

குற்றம் பிள்ளைகளிடம் இல்லை, சொல்லிக்கொடுக்கும் முறையில்தான் இருக்கிறது என்று கொமேனியஸ் கண்டார்.

பிறகு அவர் மதகுரு ஆனார். ஆசிரியரும் ஆனார். அதற்குள் மதப்போர் மூண்டது. அவர் தலைமறைவாக இருந்தபோது, 1622-ல் மனைவியும் இரண்டு குழந்தைகளும் கொள்ளைநோயில் மாண்டார்கள். 1628-ல் நாட்டைவிட்டே வெளியேறினார்.

போலந்தில் உள்ள லெஷ்னோ நகரம் புகலிடம் தந்தது. அங்கே 1631-ல் ஒரு லத்தீன் பாடநூல் வெளியிட்டார். பிள்ளைகள் கண்ணால் காணும் பொருள்களைப் பற்றி 1,000 வாக்கியங்கள். தாய்மொழியைப் பக்கத்தில் வைத்து அதைப் பல நாடுகளில் அச்சிட்டார்கள். 1650-ல் ஹங்கேரிக்குப் போனார். அங்கே பாடங்களை நாடகமாக்கி, மாணவர்களையே நடிக்க வைத்தார்!

தீ

1656-ல் லெஷ்னோ போரில் எரிந்தது. அவருடைய வீடும் போயிற்று. 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் தொகுத்த செக்-லத்தீன் அகராதியும் சாம்பலாயிற்று. அப்போது அவருக்கு வயது 64.

ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போய் மறுபடியும் எழுத உட்கார்ந்தார்.

காகமும் ஆட்டுக்குட்டியும்

ஹங்கேரியில் அவர் எழுதிய படப்புத்தகம் 1658-ல் நியூரம்பெர்க்கில் வெளிவந்தது. லத்தீனும் ஜெர்மனும் அருகருகே இருந்தன. முதல் எழுத்துக்குக் காகம். அது கரையும் ஓசையே எழுத்தின் ஓசை. இரண்டாவது எழுத்துக்கு ஆட்டுக்குட்டி. நம் அரிச்சுவடியில் அணிலும் ஆடும் வருவதுபோலத்தான்!

பின்பு 150 பாடங்கள். சமையற்கட்டு, தச்சுப் பட்டறை, தோட்டம் என்று பாடத்துக்கு ஒரு படம். படத்தில் உளிக்கு ஓர் எண் இருந்தால், உளி என்ற சொல்லுக்கும் அதே எண். பிள்ளை விரல் வைத்துத் தேடிக்கொள்ளலாம். பிரம்புக்கு அங்கே வேலை இல்லை.

கொமேனியஸ் 1670-ல் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆனால் படப்புத்தகம் ஊர் ஊராகப் போயிற்று. 100 ஆண்டு கழித்து, ஜெர்மனியில் ஒரு பணக்கார வீட்டுச் சிறுவன் அதை ஆசையோடு புரட்டினான். பிற்காலத்தில் மகாகவி ஆன கதே தான் அந்தச் சிறுவன்.