காத்திருக்கக் கற்றவர்: ஆல்டோ லியோப்போல்டு

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மான் வேட்டை குற்றமாகும். ஆகவே, வேட்டைக்காரர் ஒருவரின் வரலாற்றைச் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் எழுதப் புகுந்தமைக்கு முதற்கண் ஒரு சமாதானம் கூறக் கடமைப்பட்டுள்ளோம். நாம் கூறப்போகும் அறிஞர் சிறு வயதிலேயே துப்பாக்கி ஏந்தியவர்; வேட்டையைத் தம் வாழ்நாளில் கைவிடாதவர். எனினும், காட்டையும் அதில் வாழும் உயிர்களையும் காப்பது மனிதனின் கடமை என்ற எண்ணம் இன்று பல நாடுகளில் வேரூன்றி நிற்பதற்கு அவர் எழுதிய ஒரு சிறு நூல் பெரிய காரணம். அவ்வெண்ணம் அவருக்கு எங்ஙனம் உண்டாயிற்று என்று ஆராயப் புகுந்தால், ஒரு தந்தையார் தம் மகனுக்கு இட்ட கட்டளை ஒன்றில் போய் நிற்கிறோம். பிள்ளைகளை வளர்க்கும் நம்போன்றோர் அதனை அறிவது நலம்.

அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில், மிஸ்ஸிஸிப்பி ஆற்றின் உயர்ந்த கரைமேல் பர்லிங்டன் என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரில் 1887 ஜனவரி 11-ஆம் நாள் ஆல்டோ லியோப்போல்டு பிறந்தார். ஜெர்மானிய வழிவந்த குடும்பம் அது. குழந்தை வீட்டில் முதலில் பேசிய மொழியும் ஜெர்மன் மொழியே. வீட்டுக்குள் ஒரு மொழியும் வாசலைத் தாண்டினால் வேறொரு மொழியுமாகக் காலம் தள்ளும் நமக்கு இஃதொன்றும் புதுமையன்று. தந்தையார் கார்ல் லியோப்போல்டு எழுதும் மேசைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். நான்கு மக்களில் ஆல்டோவே மூத்தவர்.

கார்லுக்கு வேட்டையில் தீராத விருப்பம். ஓய்வு நாட்களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைச் சதுப்பு நிலங்களுக்குச் சென்றுவிடுவார். சென்றவுடன் சுடத் தொடங்குவதில்லை. மக்கிக் கிடக்கும் மரக்கட்டையைப் புரட்டி அதனுள் வாழ்வது யாது என்று காட்டுவார். சேற்றில் பதிந்த தடத்தைக் காட்டி, இவ்வழிச் சென்ற விலங்கு எது என்று ஆராயச் சொல்வார். அக்காலத்தில் எத்தனை பறவைகளைச் சுட்டாலும் கேட்பாரில்லை. வாத்துகள் முட்டையிட வடக்கே செல்லும் வசந்த காலத்தில்கூட வேட்டை நடந்து வந்தது. கார்ல் தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டார். சட்டம் வருமுன்பே வசந்த கால வேட்டையை விட்டுவிட்டார். பார்ப்பவர் எவருமில்லாத இடத்தில் ஒருவர் கைக்கொள்ளும் நேர்மையை மகன் அருகிலிருந்து பார்த்து வந்தான்.

பையனுக்கு வயது வந்ததும் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கித் தந்தார். முதல் குண்டு தவறினால் உடனே மற்றொன்றைச் சுட இயலாத துப்பாக்கி அது. அதனோடு ஒரு கட்டளையும் இட்டார். கௌதாரியைச் சுடலாம், ஆனால் அது மரக்கிளையில் அமர்ந்திருக்கையில் சுடலாகாது, பறக்கும்போதுதான் சுட வேண்டும் என்பதே அக்கட்டளை. பையனிடம் இருந்த நாயோ பறவைகளை மரத்தில் ஏற்றிவிடுவதில் கைதேர்ந்தது! கிளைமீது அசையாமல் அமர்ந்திருக்கும் கௌதாரியைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே, கைக்கு எட்டியதை விட்டுவிட்டுத் திரும்பிய நாட்கள் பல. தந்தையார் உடன் வராத நாட்களிலும் கட்டளை மீறப்படவில்லை. பின்னர் ஒரு நாள் பறக்கும் பறவை ஒன்று வீழ்ந்தபோது, அவ்விடத்தில் நின்ற செடி கொடிகளையெல்லாம் முதுமை வரை மறவாமல் நினைவில் வைத்திருந்தார்.

மற்றொரு நாள் கடுங்குளிர். ஏரி உறைந்து கிடந்தது. காற்றாலை ஒன்று வெதுவெதுப்பான நீரை இறைத்த இடத்தில் மட்டும் பனிக்கட்டி உறையாமல் சிறிது திறந்திருந்தது. வாத்துக் கூட்டங்கள் தெற்கே சென்றுவிட்ட பருவம் அது. ஆயினும் பின்தங்கிய வாத்து ஒன்றேனும் இருக்குமாயின், அது இந்நீருக்கு வந்தே தீரும் என்று சிறுவன் கணக்கிட்டான். முயல் வேட்டை ஆசையை அடக்கிக்கொண்டு உறைந்த சேற்றின்மேல் அமர்ந்தான். நண்பகல் கடந்தது, பிற்பகலும் கழிந்தது. விறைத்த விரல்களோடு அசையாமல் இருந்தான். கதிரவன் மறையும் வேளையில் மேற்கிலிருந்து தனியாக ஒரு கரிய வாத்து வந்து இறங்கியது. அவனுடைய முதல் வாத்து அதுவே.

இத்தகைய பிள்ளை பின்னாளில் பொறுமை இழந்து நின்றது எப்படி என்பதே இவ்வரலாற்றில் நம்மை வியப்பில் ஆழ்த்துவது. ஏல் பல்கலைக் கழகத்தில் காட்டியல் கற்றுத் தேறி, 1909-இல் அரசாங்கக் காட்டு இலாகாவில் சேர்ந்தார். அரிசோனாவின் அப்பாச்சிக் காட்டில் வேலை. அங்கே ஒரு நாள் பாறை விளிம்பில் அமர்ந்து நண்பகல் உணவு உண்டுகொண்டிருக்கையில், கீழே ஆற்றைக் கடந்து ஒரு விலங்கு கரையேறக் கண்டார். பெண் மான் என்றே முதலில் எண்ணினார். வந்தது தாய் ஓநாய். அதனை எதிர்கொண்டு விளையாட வளர்ந்த குட்டிகள் துள்ளி வந்தன. ஓநாயைக் கண்டும் சுடாமல் விடுவது என்பது அந்நாளில் எவரும் கேட்டறியாத செய்தி. குறிபார்க்கவும் பொறுமையின்றி அனைவரும் சுட்டுத் தள்ளினர். இறங்கிச் சென்று பார்த்தபோது, கிழத் தாய் ஓநாயின் கண்களில் பசுமையான ஒளி ஒன்று அணைந்துகொண்டிருந்தது. அப்போது அவருக்கு வயது 22. ஓநாய் குறைந்தால் மான் பெருகும், ஓநாயே இல்லையெனில் காடு வேட்டைக்காரரின் சொர்க்கமாகும் என்பது அவர் கொண்டிருந்த கணக்கு. பின்னர்ப் பல ஆண்டுகள் ஓநாயையும் பூமா என்னும் மலைச் சிங்கத்தையும் அடியோடு ஒழிக்க வேண்டுமென்று ஊக்கத்தோடு எழுதியும் பேசியும் வந்தார்.

1912-இல் எஸ்டெல்லா பெர்கெரே என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டு மழையிலும் பனியிலும் நனைந்து சுற்றியதன்பின் கடுமையான சிறுநீரக நோய் கண்டு உயிர் பிழைப்பதே அரிதாயிற்று. பர்லிங்டனில் பெற்றோர் வீட்டில் பல மாதம் படுத்திருந்தார். மூத்த மகன் ஸ்டார்க்கர் அவ்வூரிலேயே 1913 அக்டோபரில் பிறந்தான். பேரனைக் கண்ட கார்ல் அடுத்த ஆண்டு காலமானார்.

ஆல்டோவின் கணக்கைத் தவறென்று காட்டியவை மான்களே. அரிசோனாவில் கைபாப் என்னும் மேட்டு நிலம் 1906-இல் விலங்குக் காப்பிடம் ஆக்கப்பட்டது. ஓநாய்களும் பூமாக்களும் அங்கே கொன்று ஒழிக்கப்பட்டன. மான்கள் பெருகின. 1920-களில் அவை இலை தழைகளையெல்லாம் மேய்ந்து தீர்த்துவிட்டு, குளிர்காலத்தில் பட்டினியால் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அவ்வழிவுக்கு வேறு காரணங்களும் உண்டெனப் பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுவர். எனினும் அச்செய்தி ஆல்டோவை உலுக்கிவிட்டது. மான் கூட்டம் ஓநாய்க்கு அஞ்சி வாழ்வதுபோலவே மலையும் மான் கூட்டத்துக்கு அஞ்சி வாழ்கிறது என்பதை அவர் மெல்ல மெல்ல உணரலானார். ஓநாய் வீழ்த்திய மான் சில ஆண்டுகளில் மீண்டும் பிறந்துவிடும். மான் கூட்டம் மேய்ந்தழித்த மலைச்சரிவு தழைக்கப் பல பத்தாண்டுகளும் போதா.

இக்காலத்தில் அவர் தம் மக்களையும் வேட்டைக்கு அழைத்துச் சென்றார். விஸ்கான்ஸின் மாநிலத்து மாடிசன் நகரில் குடியேறிய பின் வில்வித்தையில் குடும்பமே ஈடுபட்டது. வில்லையும் அம்பையும் தம் கையாலேயே செய்தார். மனைவியார் அவரை விஞ்சி, மாநில மகளிர் போட்டியில் வாகை சூடினார். 1920-களின் இறுதியில் நியூ மெக்ஸிகோவின் கீலா மலைக்காட்டுக்கு ஸ்டார்க்கருடன் வில்லேந்தி மான் வேட்டைக்குச் சென்றார். துப்பாக்கிக்குத் தூரம் ஒரு பொருட்டன்று. வில்லுக்கோ மானை மிக நெருங்கியாக வேண்டும். காற்று நம் பக்கமிருந்து வீசினால் வாடை பட்டு மான் ஓடிவிடும். சருகு மிதிபட்டால் ஓடிவிடும். ஆகையால் தந்தையும் மகனும் காற்றைப் பார்த்து, தடத்தைப் பார்த்து, நிழலில் அசையாமல் கிடந்தனர். அந்நாட்களில் எழுதிய வேட்டைக் குறிப்புகளில் தவறிப்போன அம்புகளே மிகுதி. வெறுங்கையோடு திரும்பியதை அவர் குறையாக எண்ணியதாகத் தெரியவில்லை. கார்ல் கொடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கியின் வேலையைப் பேரனுக்கு வில் செய்தது என்று நாம் கருதுகிறோம்.

1933-இல் விஸ்கான்ஸின் பல்கலைக் கழகத்தில் வேட்டை விலங்கு மேலாண்மைக்கென அவருக்குப் பேராசிரியர் பதவி அளிக்கப்பட்டது. 1935-இல் ஜெர்மனிக்குச் சென்று, வரிசை வரிசையாக நடப்பட்ட மரங்களுக்கிடையே தீனியிட்டு வளர்க்கப்பட்ட மான்களைக் கண்டார். பின்னர் மெக்ஸிகோவின் கவிலான் ஆற்றங்கரைக்கு வில்லோடு சென்றபோது வேறொரு காட்சி கண்டார். அங்கே ஓநாயும் பூமாவும் இருந்தன, மானும் நிறைந்திருந்தது, மண்ணும் கரையாமல் ஆறும் தெளிந்து ஓடியது.

அதே 1935-இல் விஸ்கான்ஸின் ஆற்றோரம், மண்வளம் குன்றிக் கைவிடப்பட்ட பண்ணை ஒன்றை வாங்கினார். அங்கே மிஞ்சியிருந்த கோழிக்கூண்டைச் சுத்தம் செய்து, கூரை வேய்ந்து, மனைவியோடும் ஐந்து மக்களோடும் வார இறுதிகளில் தங்கினார். பல்கலைக் கழகப் பேராசிரியரின் குடும்பம் கோழிக்கூண்டில்! வசந்தம்தோறும் பைன் கன்றுகளை நட்டனர். முதலில் நட்டவை வறட்சியில் பெரும்பாலும் கருகின. மறு ஆண்டு மீண்டும் நட்டனர். இவ்வாறு ஆண்டுதோறும் நட்டவை 40,000-க்கும் மேலாயின.

அவருடைய பொறுமை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது அதன் பின்னரே. 1940-களில் விஸ்கான்ஸினிலும் மான்கள் அளவின்றிப் பெருகின. குளிர்காலத்தில் அவை ஒண்டும் காடுகளில் மான் எட்டும் உயரம் வரை மரங்களில் தழையே இல்லை. எட்டாத குட்டிகள் முதலில் மடிந்தன. ஓநாய்களை விட்டுவைக்க வேண்டும் என்றும், கொம்புள்ள கலைமான்களோடு பிணைகளையும் வேட்டையாட விடவேண்டும் என்றும் ஆல்டோ வாதாடினார். பிணையைச் சுடுவது பாவம் என்று எண்ணிய ஊரார் கொதித்தெழுந்தனர். 1943-இல் அவ்வாறு நடந்த வேட்டையில் சுமார் 1,28,000 மான்கள் வீழ்ந்தன. அவ்வாண்டின் குற்றம் என்றே அதற்குப் பெயரிட்டு, அவரைத் தூற்றுவதற்கென்றே பத்திரிகை நடத்தினர். அவர் எவரையும் திருப்பி ஏசவில்லை. கூட்டந்தோறும் சென்று எடுத்துரைத்தார். தம் வாதத்தில் அவர் முழு வெற்றி பெறவும் இல்லை.

அப்பூசலின் நடுவே, 1944-இல், 35 ஆண்டுகளாக மனத்தில் கிடந்த அந்த ஓநாயின் கதையை எழுதினார். தாமும் ஒரு காலத்தில் ஓநாய்களை ஒழிக்க முனைந்தவரே என்பதை மறைக்காது எழுதுமாறு தூண்டியவர் அவருடைய மாணவர் ஒருவர். ஊரார் எதை நம்பித் தம்மை ஏசினரோ, அதையே தாமும் நம்பியிருந்ததை அனைவரும் படிக்க எழுதி வைத்தார்.

அக்கட்டுரை அடங்கிய நூலைப் பதிப்பகங்கள் பலமுறை திருப்பியனுப்பின. 1948 ஏப்ரல் 14-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகப் பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. ஒரு வாரம் கழித்து, 21-ஆம் நாள், அயலார் நிலத்தில் புல் தீப்பற்றியது. தம் பைன் மரங்களின் பக்கம் தீ பரவுவதைக் கண்டு அணைக்கச் சென்றவர், மாரடைப்பால் அங்கேயே சாய்ந்தார். வயது 61. ‘சாண்ட் கவுண்டி அல்மனாக்’ என்னும் அந்நூல் மறு ஆண்டு வெளிவந்தது. தந்தை காணாத அந்நூலை அச்சேற்றும் பொறுப்பை இரண்டாம் மகன் லூனா ஏற்றார்.

மக்களில் மூவர், ஸ்டார்க்கரும் லூனாவும் இளைய மகள் எஸ்டெல்லாவும், அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கீலா மலையில் வில்லேந்திக் கிடந்த ஸ்டார்க்கர் தலைமையில் 1963-இல் எழுதப்பட்ட அறிக்கை, அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களின் விலங்குக் கொள்கையையே மாற்றியது. தென்மேற்குப் பகுதியில் ஓநாய் இனம் அதற்குள் ஏறத்தாழ அற்றுப்போயிருந்தது. மெக்ஸிகோவில் உயிரோடு பிடிக்கப்பட்ட சிலவற்றைக் கூண்டில் வைத்துப் பெருக்கினர். 1998 மார்ச்சில், அவற்றின் வழிவந்த 11 ஓநாய்கள் அப்பாச்சிக் காட்டில் விடப்பட்டன. ஆல்டோ அக்காட்டில் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி அப்போது ஏறத்தாழ 89 ஆண்டுகள் ஆகியிருந்தன.