இருபத்தைந்து வயதில் மறுபடியும் மாணவர்: உ.வே.சா.வின் வாழ்க்கை தரும் மனப்பயிற்சி



புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. கணினி, வீணை, இன்னொரு மொழி, நீச்சல் என்று மனதில் ஒரு பட்டியலே இருக்கும். ஆனால் நான்கு நாள் முயன்றுவிட்டு, இந்த வயதுக்கு மேல் மூளையில் ஏறாது என்று விட்டுவிடுகிறோம். நமக்கு மனவுறுதி போதாது என்று நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் பாபநாசத்தைக் கடக்கிறோம். அதன் அருகிலுள்ள உத்தமதானபுரம்தான் 'தமிழ்த் தாத்தா' உ.வே. சாமிநாதையரின் ஊர். பழைய நூல்களைத் தேடிப் பதிப்பித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் எப்படிப் படித்தார், எப்படித் தன் மனதைப் பழக்கினார் என்ற கோணத்தில் அவர் வாழ்க்கையை இந்த இதழில் பார்ப்போம்.

ஊர் ஊராகப் படிப்பு

அவர் பிறந்தது 1855 பிப்ரவரி 19. தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தை நடத்தியவர். நிலையான வருமானம் இல்லை. அரியலூர், குன்னம் என்று குடும்பம் ஊர் மாறிக்கொண்டே இருந்தது.

பையனுக்குத் தமிழ் மேல் தீராத ஆசை. இங்கிலீஷ் படித்தால் இந்த உலகத்தில் பிழைக்கலாம், சமஸ்கிருதம் படித்தால் மறுமைக்கு நல்லது, தமிழால் என்ன கிடைக்கும் என்று உறவினர்கள் கேட்டார்கள். அவர் தமிழைத்தான் பிடித்துக்கொண்டார். ஓர் ஊரில் ஓர் ஆசிரியர், அவருக்குத் தெரிந்தது முடிந்ததும் வேறு ஊரில் இன்னொருவர் என்று படிப்பு நகர்ந்தது. தமிழ் தெரிந்தவர் இருக்கும் ஊரைத் தேடிக் குடித்தனத்தையே மாற்றினார் தந்தை. ஒருவருடைய விடாமுயற்சிக்குப் பின்னால் இப்படி ஒரு வீட்டின் ஒத்துழைப்பும் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

விடியற்காலைத் தோட்டம்

கடைசியில் மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தார். அப்போது வயது பதினாறு இருக்கும். பிள்ளையவர்கள் உடனே மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளவில்லை. பலர் ஆர்வத்தோடு வந்து, சில காலம் படித்துவிட்டுப் போய்விடுவதைப் பார்த்துச் சலித்தவர் அவர். இன்றைய பயிற்சி வகுப்புகளிலும் நாம் பார்க்கிற கதைதான்.

சேர்ந்த பிறகும் ஆசிரியர் நேரில் பாடம் சொல்லவில்லை. இன்னொரு மாணவரிடம் படிக்கச் சொல்லியிருந்தார். சாமிநாதனுக்கு அது போதவில்லை. மனம் வாடினாலும் ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளையவர்களுக்குச் செடிகொடிகள் மேல் பிரியம் அதிகம். விடியற்காலையில் தோட்டத்தில் உலாவி, எந்தச் செடியில் புதிதாகத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்ப்பார். சாமிநாதன் அவருக்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குப் போனார். தளிர்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் காட்டினார். அவர் மனம் குளிர்ந்திருக்கும் வேளையில், பாடம் சொல்லும்படி மெல்லக் கேட்டார். அப்படித்தான் அந்தாதிகளில் தொடங்கிப் படிப்பு நேரடியாக ஆரம்பமானது.

மாயூரத்தில் அப்போது கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றிய அதே பாரதியார். தந்தையின் விருப்பப்படி சாமிநாதன் அவரிடம் சங்கீதமும் கற்றார். ஆனால் தமிழ்ப் படிப்புக்கு அது குறுக்கே நிற்கும் என்று பிள்ளையவர்கள் நினைப்பது தெரிந்ததும் நிறுத்திவிட்டார். ஒன்றில் ஊன்ற வேண்டுமானால் பிடித்த இன்னொன்றைக்கூட ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. மனவுறுதியில் நமக்குக் கடினமான பகுதி இதுதான்.

பிள்ளையவர்கள் செய்யுள் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் வேலையும் சாமிநாதனுக்குக் கிடைத்தது. காது கேட்க, கை எழுத, மனம் பொருளைத் தொடர என்று மூன்றும் சேர்ந்து நடக்கும் பயிற்சி அது. 1876 பிப்ரவரியில் ஆசிரியர் மறைந்தார். அதன் பிறகு திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் படித்துக்கொண்டும், மடத்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டும் இருந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. காவிரிக் கரையில் இருக்கும் அந்தக் கல்லூரியில் இன்றும் உங்களில் சிலருடைய பிள்ளைகள் படிக்கலாம்.

1880 அக்டோபர் 21

கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்க அன்று போனார் சாமிநாதையர். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வந்தது. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று நீண்ட பட்டியல் சொன்னார். முதலியாரின் முகத்தில் வியப்பே இல்லை. பழைய காப்பியமான சீவக சிந்தாமணி போன்றவற்றைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை.

அவருடைய நிலையில் நம்மை வைத்துப் பார்ப்போம். பத்து வருடத்துக்கு மேல் வேறு நினைப்பே இல்லாமல் படித்தவர். பெயர்பெற்ற ஆசிரியரின் மாணவர். கல்லூரி ஆசிரியர். தமிழையே தொழிலாகக் கொள்ளாத ஒருவர், நீங்கள் படித்தது போதாது என்று முகத்துக்கு நேரே உணர்த்துகிறார். நாமாக இருந்தால் கோபித்துக்கொண்டு அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்திருப்போம். சாமிநாதையருக்கும் மனம் வருந்தத்தான் செய்தது. ஆனாலும் மறுபடியும் போனார். முதலியார் தன்னிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். அதைச் சேர்ந்து படிப்பது என்று முடிவாயிற்று.

பிரித்துப் பார்த்தால் தமிழ்தான். ஆனால் பல இடங்கள் புரியவில்லை. இருபத்தைந்து வயதில், வித்துவான் என்று பெயர் எடுத்த பிறகு, அவர் மறுபடியும் அரிச்சுவடி மாணவரானார்.

தெரிந்தவர்களைத் தேடி

சிந்தாமணி ஜைன காப்பியம். சைவ மடத்தில் படித்தவருக்கு ஜைன சமயக் கொள்கைகளும் சொற்களும் அந்நியம். நூலை வைத்துக்கொண்டு தனியாக மல்லுக்கட்டுவதை விட்டு, கும்பகோணத்தில் வாழ்ந்த ஜைனர்களின் வீடுகளைத் தேடிப் போனார். அங்கே அவருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஒரு வீட்டில் மாவிலைத் தோரணமும் கோலமுமாக விசேஷம் நடந்துகொண்டிருந்தது. விசாரித்தால், அவர்கள் சிந்தாமணியை வாசித்து முடித்ததற்கான கொண்டாட்டம் அது. ஏட்டில் மட்டும் இருப்பதாக அவர் நினைத்த நூல், சில தெருக்கள் தள்ளி ஒரு சமூகத்தின் வழக்கத்தில் உயிரோடு இருந்தது. அன்று முதல் அவர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டுத் தெளிவது வழக்கமாயிற்று.

அடுத்தது ஏடு. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதைக்கூடப் படிப்பவரே கண்டுபிடிக்க வேண்டும். சிந்தாமணியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்கள். அதற்கு நச்சினார்க்கினியர் உரை வேறு. பகலில் கல்லூரி வேலை, மற்ற நேரத்தில் இது. பல ஊர்களிலிருந்து பிரதிகளை வரவழைத்து ஒப்பிட்டார். சொற்களுக்கு அகராதி எழுதி வைத்தார். உரையில் வரும் மேற்கோள்களைத் தனியே குறித்துக்கொண்டார். எந்த நூலிலிருந்து வந்தவை என்று தெரியாத மேற்கோள்கள் ஏராளம். பிறகு திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் எட்டுத்தொகை நூல்களைப் படித்தபோது, தெரியாத அந்த அடிகளில் பல அங்கே கண்ணில் பட்டன. குறித்து வைத்த பழக்கம் அடுத்த வாசலைத் திறந்துவிட்டது.

ஏழு வருட உழைப்புக்குப் பிறகு 1887இல் சீவக சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. சைவ மடத்தோடு தொடர்புள்ளவர் ஜைன நூலைப் பதிப்பிக்கலாமா என்று குறை கூறியவர்களும் உண்டு. அவர் அடுத்த ஏட்டை எடுத்தார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வரிசையாக வந்தன.

மணிமேகலைக்காக மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அது பௌத்த காப்பியம். பௌத்தம் பற்றிய நூல்கள் அப்போது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதே கல்லூரியில் வேலை பார்த்த ரங்காசாரியர் அந்த நூல்களைப் படித்து விஷயத்தைச் சொல்ல, இவர் கேட்டுக் கேட்டுக் கற்றார். கற்றதைப் பிறருக்கும் புரியும்படி புத்த சரித்திரம், பௌத்த தர்மம், பௌத்த சங்கம் என்று தமிழ் வசனத்தில் எழுதினார்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

சிந்தாமணி வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1885இல், ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் நினைவாற்றல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்தார். படித்தது முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துவிடுகிறது. ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் அதிகம் நிற்கிறது. ஏட்டையும் அகராதியையும் மறுபடி மறுபடி புரட்டிய சாமிநாதையரின் வேலைமுறையில் இது தானாகவே அமைந்திருந்தது.

இன்னொன்று, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு. இலண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் உரிமம் பெறுவதற்கு ஆயிரக்கணக்கான தெருக்களை மனதில் பதிக்க வேண்டும். அதற்கு மூன்று நான்கு வருடம்கூட ஆகும். அவர்கள் மூளையில் இடநினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டும் இந்த வளர்ச்சி தெரிந்தது. அவர்கள் எல்லோரும் வயதுவந்தவர்கள். அதாவது வளர்ந்த மூளையும் பயிற்சிக்கு ஏற்ப மாறுகிறது. ஆனால் அது வருடக்கணக்கான வேலை, நான்கு நாளில் நடப்பதில்லை.

நம் வீட்டில் செய்யக்கூடியவை

1. துணை தேடுங்கள். சாமிநாதையர் முதலியாரோடு சேர்ந்து படித்தார். இன்னொருவர் காத்திருக்கிறார் என்றால் சோம்பல் குறையும். நம் குடியிருப்பிலேயே உங்களைப் போன்ற ஆசை உள்ளவர் இருப்பார்.

2. நேரத்தைக் கட்டிப்போடுங்கள். அவருக்கு விடியற்காலைத் தோட்டம் இருந்தது. உங்களுக்குக் காபி குடித்த பிறகு இருபது நிமிடம் இருக்கட்டும். தினமும் அதே நேரம் என்றால், இன்று செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வேலை மிச்சம்.

3. தெரிந்தவரிடம் கேளுங்கள். அவர் உங்களைவிடச் சிறியவராக இருந்தாலும் பரவாயில்லை. கைப்பேசியில் பணம் அனுப்பப் பேரனிடம் கற்றுக்கொள்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

4. எழுதி வையுங்கள். புரியாததையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அதற்கான விடை எதிர்பாராத இடத்தில் வரும்.

5. புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

6. ஒரு சமயத்தில் ஒன்று போதும். மற்றது காத்திருக்கட்டும்.

இந்தப் பட்டியலில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சாமிநாதையருக்கும் மனம் சோர்ந்த நாட்கள் உண்டு. சோர்ந்த நாளிலும் வேலை நடக்கும்படி ஆட்களையும் நேரத்தையும் பழக்கத்தையும் அவர் தன்னைச் சுற்றி அமைத்துக்கொண்டார். மனவுறுதி என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி அந்த ஏற்பாடுதான்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய், 1919இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகும் பதிப்புகள் நிற்கவில்லை. 1937இல் குறுந்தொகை வந்தபோது அவருக்கு வயது 82. எண்பத்தைந்தை நெருங்கும்போது, 1940 ஜனவரியில், ஆனந்த விகடனில் வாரந்தோறும் தன் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அதை முடிப்பதற்குள் 1942 ஏப்ரல் 28 அன்று திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். 'என் சரித்திரம்' என்ற அந்த நூல் நூலகங்களில் எளிதாகக் கிடைக்கும்.

வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உத்தமதானபுரத்தில் உள்ள அவருடைய நினைவு இல்லத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஓலைச்சுவடி எப்படி இருக்கும் என்று காட்ட நம் தஞ்சாவூர் சரஸ்வதி மகால் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. புள்ளியில்லாத அந்த எழுத்தில் ஒரு வரியையாவது படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் முயன்று பாருங்கள்.